ரோன் பள்ளத்தாக்கில் சைக்கிள் பயணம்: முதன்முறை போகிறவர்களுக்கு

ஆல்ப்ஸில் சைக்கிள் ஓட்டப் போகிறேன் என்று சொன்னால், "அவ்வளவு மேடு உன்னால் ஏற முடியுமா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஏற வேண்டிய அவசியமே இல்லை. கணவாய்களை விட்டுவிட்டு, ஒரு பள்ளத்தாக்கைப் பிடித்து, ஆறு போகிற திசையில் இறங்கினால் போதும். வாரக்கடைசியில் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கள் யாரும் இதைச் செய்யலாம்.

அதற்கு நான் சொல்லும் இடம் சுவிட்சர்லாந்தின் தென்மேற்கில் உள்ள வாலே மாநிலம். அங்கே ரோன் ஆறு பனியாற்றில் பிறந்து, இரண்டு பக்கமும் பெரிய மலைத்தொடர்கள் நிற்க, ஜெனீவா ஏரி வரை ஓடுகிறது. மேல்முனையில் உள்ள ஓபர்வால்ட் கிராமம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,370 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரி இருப்பது 372 மீட்டரில். இடையில் ஏறக்குறைய 175 கிலோமீட்டர். கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் இறக்கத்தை நான்கு நாளில் நிதானமாக ஓட்டி முடிக்கலாம். ஆனால் இறக்கம்தானே என்று அசட்டையாகக் கிளம்பிவிட வேண்டாம். இந்தப் பள்ளத்தாக்கில் ஆளை அடித்துப்போடுவது மேடு அல்ல, காற்று. பயணத்திட்டம் முழுவதையும் அந்தக் காற்றை வைத்துத்தான் போட வேண்டும்.

காற்றின் நேரம்

வெயில் ஏற ஏற மலைச்சரிவுகள் சூடாகின்றன. அங்கே காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கீழே ஏரிப் பக்கத்திலிருந்து காற்று பள்ளத்தாக்குக்குள் இழுக்கப்படுகிறது. கோடையில் வெயில் அடிக்கும் நாட்களில் எல்லாம் இது நடக்கும். முற்பகலில் மெல்லத் தொடங்கும், பிற்பகலில் உச்சத்துக்குப் போகும், சூரியன் சாய்ந்ததும் அடங்கும். நீங்கள் ஆற்றோடு கீழே வருகிறீர்கள், காற்று ஏரியிலிருந்து மேலே போகிறது. அதாவது மதியத்துக்குப் பிறகு நேர் எதிர்க்காற்று. மார்த்திஞி ஊர்ப் பக்கம் பள்ளத்தாக்கு சட்டென்று செங்கோணத்தில் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தைச் சுற்றிக் காற்று மிகவும் பலமாக இருக்கும். அங்கே மார்த்திஞி, ஷரா, கொலோஞ்ஜ் ஊர்களில் பெரிய காற்றாலைகளை நட்டிருப்பது சும்மா இல்லை.

எனவே விதி ஒன்றுதான்: காலை ஆறரை, ஏழுக்கெல்லாம் சைக்கிளில் ஏறிவிடுங்கள், மதியம் ஒரு மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுங்கள். ஜூன், ஜூலையில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதால், மிச்சம் இருந்தால் மாலை ஏழுக்கு மேல் ஓட்டலாம். விடுதியில் காலை உணவு ஏழரைக்குத்தான் என்பார்கள். முந்தின இரவே சொல்லிவைத்தால் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுகிற இடங்கள் உண்டு. அந்த ஓசிக் காப்பிக்காக ஒரு மணி நேரம் காத்திருந்தால், பிற்பகலில் அதை இரண்டு மணி நேரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

சில நாட்களில் இந்தக் கணக்கு தப்பும். ஃபோன் என்று ஒரு வறண்ட, சூடான தெற்குக் காற்று உண்டு. அது மலையைத் தாண்டி இறங்கும்போது பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக வீசும். உங்களுக்கு முதுகுக் காற்று, ஆனால் பலமான வீச்சு, பையோடு இருக்கும் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அந்த நாளில் ஏரியோரம் எச்சரிக்கை விளக்குகள் சுழல்வதையும் பார்க்கலாம்.

எப்போது, எப்படிப் போய்ச் சேருவது

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் சியோன் நகரில் வெயில் 30 டிகிரியைத் தாண்டும், ஆல்ப்ஸ் என்றால் எப்போதும் குளிர் என்று நினைத்து வருபவர்கள் திகைத்துப்போவார்கள். சுவிட்சர்லாந்திலேயே மழை குறைந்த பகுதிகளில் இதுவும் ஒன்று. அதே நாளில் மேலே ஓபர்வால்டில் காலை ஆறு மணிக்குக் கை விறைக்கும். என்னைக் கேட்டால் செப்டம்பர் முதல் பாதி. வெயிலும் குறைந்திருக்கும், திராட்சையும் பழுத்திருக்கும்.

இந்தியா, இலங்கையிலிருந்து வருபவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், அதற்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் வேண்டும். காப்பீடு எடுக்கும்போது சைக்கிள் பயணமும் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். விசாவுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் காப்பீடுகளில் பலவற்றில் அடங்காது.

ஓபர்வால்டுக்கு ரயிலிலேயே போகலாம். பெர்னிலிருந்து லோட்ச்பெர்க் சுரங்கம் வழியாக ஃபிஸ்ப் அல்லது பிரிக், அங்கே மாட்டர்ஹோர்ன் கோட்ஹார்ட் நிறுவனத்தின் சிவப்பு மலைரயில். சூரிச்சிலிருந்து வருவதானால் ஆண்டர்மாட் வழியாக, ஃபுர்க்கா மலைக்கு அடியில் 15 கிலோமீட்டர் சுரங்கத்தில் நுழைந்து ஓபர்வால்டில் வெளியே வரலாம். ஆண்டர்மாட்டிலிருந்தே ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் 2,429 மீட்டர் ஃபுர்க்கா கணவாயை ஏற வேண்டும். முதல் பயணத்துக்கு வேண்டாம்.

ரயிலில் சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். கோடை மாதங்களில் இன்டர்சிட்டி ரயில்களில் சைக்கிளுக்கு முன்பதிவும் கட்டாயம், வார இறுதிகளில் அந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துபோகும். உள்ளூர் ரயில்களில் இந்தத் தொல்லை இல்லை. சைக்கிளைக் கொண்டுவராதவர்கள் பெரிய ரயில் நிலையங்களில் வாடகைக்கு எடுக்கலாம். ஓர் ஊரில் எடுத்து வேறோர் ஊரில் விடுவதற்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்பார்கள். நமக்குத் தேவை அதுதான், முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

சைக்கிளும் பையும்

பாதையில் பெரும்பகுதி தார். ஆற்றங்கரை மேட்டிலும் காட்டுக்குள்ளும் கெட்டிப்பட்ட சரளை வரும். எனவே ரேஸ் சைக்கிளின் ஒல்லி டயர் வேண்டாம், 35 முதல் 42 மில்லிமீட்டர் அகலம் சரியாக இருக்கும். இறக்கப் பயணம் என்றாலும் கிராமத்துக்குள் ஏறி இறங்கும் குட்டி மேடுகள் கொஞ்சம் செங்குத்து. அதனால் லேசான கியர் இருக்கட்டும். மின்சார சைக்கிள் எடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, எதிர்க்காற்றில் அதன் அருமை தெரியும். ஆனால் பகலிலும் அதன் விளக்கு எரிய வேண்டும் என்பது 2022 முதல் அங்கே சட்டம்.

பிரேக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பெரும்பாலும் வலது கைப்பிடி முன்பிரேக். அங்கே இடது கைப்பிடிதான் முன்பிரேக். வாடகை சைக்கிளில் ஏறியதும் பழக்கதோஷத்தில் பின்பிரேக் என்று நினைத்து இடது கையை இறுக்கினால், முன்சக்கரம் நின்று ஆள் ஹேண்டிலைத் தாண்டிப் பறப்பார். சைக்கிளை வாங்கியவுடன் நிறுத்தி வைத்து, ஒரு கைப்பிடியை அழுத்திக்கொண்டு முன்னே தள்ளிப் பாருங்கள், எந்தச் சக்கரம் பிடிக்கிறது என்று தெரியும். ரயில் நிலைய வாசலிலேயே பத்து நிமிடம் சும்மா சுற்றி, கை பழகிய பிறகு கிளம்புங்கள். கடைக்காரரிடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால் செய்துகொடுப்பவர்களும் உண்டு.

பை மொத்தம் பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் போக வேண்டாம், முதுகில் எதையும் மாட்ட வேண்டாம், எல்லாம் கேரியரில். பகல் உடுப்பு இரண்டு செட், இரவுக்கு ஒன்று, காற்றும் மழையும் தாங்கும் மேல்சட்டை, முழு விரல் கையுறை, கறுப்புக் கண்ணாடி. டியூப் இரண்டு, டயர் கழற்றும் நெம்புகோல், பம்பு, ஆலன் சாவி, பஞ்சர் ஒட்டும் சாமான். சமைக்கும் சாமான் எல்லாம் தூக்க வேண்டாம், ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஓர் ஊர் வருகிறது.

பாதை

சுவிட்சர்லாந்து முழுக்க சைக்கிள் பாதைகளுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். நாம் போவது தேசியப் பாதை எண் 1. அடர்சிவப்புப் பலகை, அதில் வெள்ளைச் சைக்கிள் படம், வெளிர்நீலக் கட்டத்தில் 1. திரும்ப வேண்டிய இடத்தில் எல்லாம் இது இருக்கும், போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டத் தேவையில்லை. சந்திப்பு ஒன்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் பலகையே காணவில்லை என்றால், நேராகப் போய்த் தேடாமல் கடைசிப் பலகைக்குத் திரும்பிவிடுங்கள். ஆற்றைச் சீரமைக்கும் பெரிய வேலை பல ஆண்டுகளாக நடந்துவருவதாலும், 2024 ஜூன் இறுதியில் வந்ததுபோன்ற வெள்ளங்களாலும் கரைப் பாதைகள் அங்கங்கே மூடப்படும். சுவிட்சர்லாந்து மொபிலிட்டி செயலியில் எந்தத் துண்டு மூடியிருக்கிறது, மாற்றுப்பாதை எது என்று தினமும் இரவில் பார்த்துவிடுங்கள்.

முதல் நாள் ஓபர்வால்டிலிருந்து பிரிக் வரை, 45 முதல் 50 கிலோமீட்டர். முந்தின மாலையே வந்து ஓபர்வால்டில் தங்கிவிட்டால், உயரத்தின் குளிர் காற்றில் நல்ல தூக்கமும் காலையில் சீக்கிரக் கிளம்பலும் கிடைக்கும். இந்த மேல்பகுதிக்கு கோம்ஸ் என்று பெயர், பேசுவது ஜெர்மன். உல்ரிகன், மூன்ஸ்டர், ரெக்கிங்கன் என்று புல்வெளிக்கு நடுவே கிராமம் கிராமமாக வரும். வெயிலில் கருகிக் கறுத்த லார்ச் மர வீடுகள். அவற்றுக்கு இடையில் தானியக் களஞ்சியங்களைப் பாருங்கள்: ஒவ்வொரு காலுக்கும் மேல் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய ஒரு வட்டக் கல், அதன் மேல்தான் களஞ்சியம் உட்கார்ந்திருக்கும். காலில் ஏறிவரும் எலி அந்தக் கல்லின் அடிப்பக்கத்தைத் தாண்ட முடியாது. நீடர்வால்டில் ஒரு நிமிடம் நிற்கலாம், உலகம் முழுக்க ஆடம்பர ஓட்டலுக்குப் பெயராகிப்போன செசார் ரிட்ஸ் 1850ல் பிறந்த ஊர் அது.

நீடர்வால்ட் வரை பள்ளத்தாக்கு மெல்லச் சரியும். அதன் பிறகு படிப்படியாகக் குதிக்கிறது: நீடர்வால்ட் சுமார் 1,250 மீட்டர், ஃபீஷ் 1,050, மோரெல் 760, பிரிக் 680. பயணத்தில் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள், சூடேறிப் பிடிமானம் குறையும். வேகம் ஏறட்டும், அழுத்தமாகப் பிடியுங்கள், விடுங்கள், மறுபடி பிடியுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் அல்ல. மலைரயிலின் தண்டவாளம் பாதையைக் குறுக்கிட்டால் நேர்க்குறுக்காகக் கடக்கவும், சாய்வாகப் போனால் சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் சிக்கும். கை வலித்தால் நிறுத்துங்கள். மனம் ஒப்பவில்லை என்றால் ஃபீஷில் ரயிலேறி பிரிக்கில் இறங்கிக்கொள்வதும் சரியான முடிவே.

இரண்டாம் நாள் பிரிக்கிலிருந்து சியேர், நாற்பது சொச்சம். பிரிக் நகரில் மூன்று கோபுரங்களும் வெங்காய வடிவத் தலைப்பாகையும் கொண்ட ஸ்டோக்கால்பர் மாளிகையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஃபிஸ்ப் தாண்டும்வரை தொழிற்சாலை, கரண்டுக் கம்பி, நெடுஞ்சாலைச் சத்தம். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை, ஓட்டிக் கடந்துவிடலாம். ராரோனில் குன்றின் மேல் தெரிகிற தேவாலயத்தின் அருகே கவிஞர் ரில்கேயின் கல்லறை இருக்கிறது. ஏறிப் போக நேரம் இருப்பவர்கள் போகலாம்.

சுஸ்டன் தாண்டினால் ஃபின் காடு. பைன் மரங்கள், வறண்ட மண், கட்டிப்போடாத ரோன் ஆறு மணல்திட்டுகளுக்கு இடையே பல கிளைகளாகப் பிரிந்து போகும். மற்ற இடங்களில் 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிக் கரைகட்டி நேராக்கிய ஆறு, இங்கேதான் பழைய மாதிரி இருக்கிறது. இந்தக் காட்டுக்குப் பக்கத்தில் இல்க்ராபன் என்ற ஓடை இறங்குகிறது. மேலே மழை பெய்தால் சேறும் பாறையுமாக வெள்ளம் திடீரென்று உருண்டு வரும், அதற்கு எச்சரிக்கை அமைப்பே வைத்திருக்கிறார்கள். ஓடைப் படுகை காய்ந்து கிடக்கிறதே என்று படம் எடுக்க இறங்காதீர்கள். காடு முடியும் இடத்தில் மொழி மாறும். "குட்டன் டாக்" போய் "போன்ஜூர்" வந்துவிடும்.

மூன்றாம் நாள் சியேரிலிருந்து சியோன் வழியாக மார்த்திஞி, ஏறக்குறைய 45. பெரும்பகுதி ஆற்றுக்கரை மேல், மேசை போலச் சமதளம், நிழல் குறைவு. சியோனில் இரண்டு குன்றுகள், ஒன்றில் இடிந்த கோட்டை, மற்றதில் வலேர் தேவாலயம். அதற்குள் இருக்கும் ஆர்கன் என்னும் குழாய் இசைக்கருவி இன்றும் வாசிக்கக்கூடிய நிலையில் உள்ள, உலகிலேயே மிகப் பழைய ஆர்கன்களில் ஒன்று. பார்க்க வேண்டும் என்றால் மதியத்தை இங்கேயே கழித்து மாலையில் மீதியை ஓட்டுங்கள். இந்தப் பகுதியில் காற்றோடு மல்லுக்கட்டுவது வீண்.

சியோனுக்கும் மார்த்திஞிக்கும் நடுவே பழத்தோட்டங்கள். சாக்ஸோன் ஊர் ஆப்ரிகாட்டுக்குப் பேர்போனது, அதில் லுய்ஸே என்ற பழைய ரகம் மென்மையானது, தூரம் தாங்காது, அதனால் இங்கேயே தின்றால்தான் உண்டு. ஜூலையில் தோட்ட வாசலில் கூடைகளை வைத்துவிட்டு ஆள் போய்விடுவார். பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி, விலை எழுதிய அட்டை. பலர் ட்விண்ட் என்ற பணம் செலுத்தும் செயலிக்கான கட்டத்தையும் ஒட்டியிருப்பார்கள், அது சுவிஸ் வங்கிக்கணக்கு உள்ளவர்களுக்குத்தான். எனவே சட்டைப் பையில் எப்போதும் சில்லறைப் ஃபிராங்க் இருக்கட்டும்.

நான்காம் நாள் மார்த்திஞியிலிருந்து ஏரி வரை, மற்றுமொரு 45. வழியில் பள்ளத்தாக்கு மிகவும் ஒடுங்கும் சென் மொரீஸில் 515ல் நிறுவப்பட்ட மடம் இன்னும் இயங்குகிறது. அங்கே காற்று புனலில் ஊற்றினாற்போல வரும். இந்த நாளில் மட்டுமாவது ஏழு மணி விதியை மீறாதீர்கள்.

சாலையில்

அங்கே வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஓடும்போது மறக்காது, நின்று கிளம்பும்போதுதான் மறக்கும். கடையை விட்டு வெளியே வந்ததும் ஆளில்லாத தெருவில் கால் தானாக இடப்பக்கம் போகும். ரவுண்டானாவில் உள்ளே சுற்றுபவருக்கு முதல் உரிமை. நுழைந்துவிட்டால் ஓரத்தில் ஒண்டாமல் தடத்தின் நடுவில் ஓட்டுங்கள், சட்டம் அனுமதிக்கிறது, பின்னால் வரும் காரும் உங்களை நெருக்கித் தாண்ட முடியாது. திரும்பும் முன் கையை நீட்டிக் காட்டுங்கள். சாதாரண சைக்கிளுக்கு ஹெல்மெட் கட்டாயம் இல்லை. இருந்தாலும் போடுங்கள்.

அடிபட்டால் 144. சுவிட்சர்லாந்தின் மற்ற மாநிலங்களில் ஹெலிகாப்டருக்கு 1414 என்று படித்திருப்பீர்கள், வாலேயில் ஹெலிகாப்டரையும் 144தான் அனுப்புகிறது. எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்ல, கடைசியாகப் பார்த்த ஊர்ப்பெயரை நினைவில் வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

தண்ணீர், சாப்பாடு, படுக்கை

தண்ணீர் வாங்கவே வேண்டாம். ஒவ்வொரு கிராமத்திலும் குழாய் ஓயாமல் ஊற்றும் தொட்டி இருக்கும், குடிக்கக்கூடாத தண்ணீராக இருந்தால் பலகை வைத்திருப்பார்கள். பெரும்பாலும் குறுக்குக்கோடு போட்ட கிண்ணம் படம் இருக்கும். தொட்டியில் இருந்து அல்ல, குழாயிலிருந்து பிடியுங்கள். கோம்ஸில் அந்தத் தண்ணீரில் பல் கூசும். ஆற்றுத் தண்ணீர் மட்டும் வேண்டாம், பனியாறு அரைத்த பாறைத்தூள் கலந்து சாம்பல் நிறத்தில் ஓடுகிறது.

சைவர்கள் கவலைப்பட வேண்டாம். இந்த ஊரே பாலாடைக்கட்டியில் ஓடுகிறது. ராக்லெட் என்று உருகிய பாலாடைக்கட்டியை அவித்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போடுவார்கள், மாலையில் சாப்பிடுங்கள், மதியம் சாப்பிட்டால் பெடல் மிதிக்க மனம் வராது. கையில் வைத்திருக்க வாலே கம்பு ரொட்டி நல்லது. அதாவது ரை என்னும் தானியம், நம் கம்பு இல்லை. கல் மாதிரி இருக்கும், நாட்கணக்கில் கெடாது. உணவகத்தில் ஒருவேளைச் சாப்பாடு பர்ஸைக் கடிக்கும் என்பதால் மதியத்துக்கு மீக்ரோ, கோப் கடைகளில் வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை கிராமத்துக் கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையத்துக் கடைகள்தான் கைகொடுக்கும், சனி மாலையே வாங்கி வையுங்கள்.

தங்குவதற்கு இளைஞர் விடுதி, சிறு ஓட்டல், வீட்டு அறைகள் எல்லாம் உண்டு. பதிவு செய்யும்போது சைக்கிளைப் பூட்டி வைக்கக் கொட்டகை இருக்கிறதா என்று கேளுங்கள். கூடாரம் கொண்டுபோகிறவர்கள் முகாம் திடல்களிலேயே போடுங்கள். ஆற்றோரம் கண்ட இடத்தில் போட்டால் அபராதம் வரும்.

ஏரிக்கு வந்த பிறகு

ரோன் ஏரியில் கலக்கும் இடம் புவெரே ஊருக்குப் பக்கத்தில். பாதை எண் 1 அடுத்த கரைக்கு, வில்நோவ் பக்கம் போகிறது, ஏரிக்கரையில் நிற்கும் ஷியோன் கோட்டை (முன்பு பார்த்த சியோன் நகரம் வேறு) அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். வில்நோவில் உள்ளூர் ரயில்கள் நிற்கும், அதில் ஏறி மொந்த்ரோ அல்லது லோசானில் மாறிக்கொள்ளலாம். ஞாயிறு மாலையில் சைக்கிள் பெட்டிகள் நிரம்பி வழியும், திங்கள் காலை கிளம்பினால் நிம்மதி.

கால் இன்னும் தெம்பாக இருந்தால் ஜெனீவா வரை தொடரலாம். ஆனால் மொந்த்ரோ தாண்டியதும் வரும் லவோ திராட்சைத் தோட்டங்கள், யுனெஸ்கோ பட்டியலில் 2007ல் சேர்ந்த அழகான அடுக்குத் தோட்டங்கள்தான் என்றாலும், இதுவரை பார்க்காத மேடுகளை அங்கே பார்ப்பீர்கள். அதைத் தாண்டிப்போக ஏரியில் ஓடும் பயணிகள் கப்பல் ஒரு வழி. இடம் இருந்தால் சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள், அதற்குத் தனிக் கட்டணம். முதல் கப்பலைப் பிடியுங்கள், பகல் ஏற ஏறக் கூட்டம் சேரும்.